பாக்கியநாச்சியாரின் முகமும் அம்மன் கோயில் ஆடும்

முன்னோர் நூல் செய்யப் புகும்போது முதலில் காப்புப் பாடினர். இடையூறு நேராதிருக்க இறைவனை வேண்டுவதே அதன் நோக்கம். அந்நாளில் இடையூறு எத்திசையிலிருந்து வரும் என்பது எவருக்கும் தெரியாது. ஆகவே எல்லாம் வல்லவனை நோக்கிப் பொதுவாக வேண்டினர். இக்காலத்தில் அந்த ஐயம் நீங்கிவிட்டது. இடையூற்றுக்கு இப்போது கல்முனை நகரில் ஓர் அலுவலகமும், பெயர்ப்பலகையும், பகல் உணவுக்காகப் பூட்டும் ஒரு கதவும் உண்டு. அதன் திருநாமம் கீழ்க்கரை இசைமரபுச் சரிபார்ப்புப் பேரவை.

மருதமுனை மீராமுகைதீன் ஆசிரியர் தமது நூலை பிஸ்மி சொல்லித்தான் தொடங்கினார். ஆகவே இறைவன் தரப்பில் குறை எதுவும் இருக்கவில்லை. பேரவையிடம் சொல்லாமல் தொடங்கியதே அவர் செய்த பிழை.

நூலின் பெயர் ‘பண்ணிசைச் செல்வி பாக்கியநாச்சியார்’. பாண்டிருப்பில் பிறந்து, அங்கேயே பாடி, அங்கேயே மறைந்த அந்த அம்மையாரின் பாட்டை மீராமுகைதீன் இளமையில் ஒரே ஒரு மாலைப்பொழுதில் கேட்டவர். சாரன் விற்கப் போன வாப்பாவைத் தேடிச் சைக்கிளில் சென்றவர், கோயில் வேலிக்கு வெளியே அந்தக் குரல் காதில் விழ, ஒற்றைக் காலை நிலத்தில் ஊன்றியபடி நின்றுவிட்டார், வாப்பாவை மறந்தார், வாப்பா வந்து காதைத் திருகியபோதும் பாட்டு முடியட்டும் என்று கெஞ்சினார். பின்னர் தமிழ் ஆசிரியராகிப் பல தலைமுறைப் பிள்ளைகளுக்கு யாப்பிலக்கணம் கற்பித்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குரல் ஓயவில்லை. எழுதினால்தான் ஓயும் என்று தோன்றியது, எழுதினார்.

அம்மையாரின் ஒரே மகன் அழகரெத்தினம், பெண் எடுத்த ஊராகிய தம்பிலுவிலில் குடியிருந்தார். நூலுக்குப் படம் கேட்டு ஆசிரியர் போனபோது, அவர் பிஸ்கட் தகரத்தைத் திறந்து ஒரு பழைய படத்தை எடுத்துக் கொடுத்தார். கோயில் விழாவொன்றில் பிடித்த படம். அம்மையார் பாயில் அமர்ந்து, கண்ணை இறுக மூடி, வாயை அகலத் திறந்து, கையை நீட்டிப் பாடுகிறார். அவருக்கு எதிரே ஓர் ஆடு பின்கால்களில் எழுந்து நின்று, தோரணத்து மாவிலையைத் தின்கிறது.

"இதுதான் மாஸ்டர் எங்கட அம்மா" என்றார் அழகரெத்தினம். "பேரவைக்காரர் வருசா வருசம் ஆரோ ஒரு மனிசிட படத்துக்கு மாலை போடுறாங்க. மாலை போட முந்தி ஒருக்கா எட்டிப் பார்த்தனான். அது அம்மா இல்ல எண்டு சொன்னன். என்னைக் கதிரையில இருத்தி, சோடாவும் தந்து, பேசாம இரிக்கச் சொல்லிட்டாங்க. அதுக்குப் பிறகு நான் போற இல்ல."

"அண்ணன், நீங்க மகனெல்லவா?"

"மகன் சொன்னாக் காணாதாம். உங்கட புத்தகத்திலயாவது அம்மா அம்மாவா இருக்கோணும். வேற ஆரிட முகமும் வரப்படா. அதுக்குச் சம்மதமெண்டா படத்தைக் கொண்டு போங்க."

"வராது. இது எண்ட வாக்கு" என்று மீராமுகைதீன் சொல்லிவிட்டார். கொடுத்த வாக்கை மீறியவர் அவர் குடும்பத்தில் எவருமில்லை. பேரவைக்கு மனுக் கொடுத்தவரும் அதுவரை எவருமில்லை.

பேரவையின் முத்திரை இல்லாத இசைநூலைப் பாடசாலைகளும் நூலகங்களும் ஏற்பதில்லை. ஆகவே அச்சகத்தார் கையெழுத்துப் படியைத் தொடவே அஞ்சினர். ஆசிரியர் வெள்ளைச் சாரன், வெள்ளைச் சட்டை, தொப்பி சகிதம் கல்முனைக்குப் புறப்பட்டார்.

முதலில் அவரை எதிர்கொண்டவர் மூலச்சான்று உபகுழுவின் தலைவர் இன்பாஸ். வயதில் இளையவர், தமிழில் முதியவர். மேசையில் நூலின் முதற்பக்கம் விரிந்திருந்தது.

"சேர், ‘பாக்கியநாச்சியார் இனிய குரலினர்’ என்று நூல் தொடங்குகின்றது. சான்று?"

"நான் கேட்டிருக்கன், தம்பி."

"தாங்கள் நூலாசிரியர். நூலாசிரியர் தமக்குத் தாமே சான்றாகார்."

"அவட மகன் கேட்டிருக்கார்."

"மகன் சார்புடையவர். தன் தாயின் குரல் கொடிதென்று எந்த மகன் எழுதிக் கொடுத்திருக்கின்றான்?"

"அப்ப ஆர்தான் சொல்லோணும்?"

"கேளாத ஒருவர்" என்றார் இன்பாஸ், மிகுந்த பொறுமையோடு. "கேட்டவர்கள் அனைவரும் அக்குரலால் பாதிக்கப்பட்டவர்கள். அவர்களிடம் நடுநிலையை எதிர்பார்த்தல் தகாது."

அம்மையாரின் குரலைக் கேளாத பெரியவர்கள் இக்கரையில் ஏராளம். ஆயினும் அவர்களைத் தேடி அலையும் துன்பத்தை இன்பாஸே தவிர்த்து வைத்தார். பேரவையின் ஆண்டு மலரில் அம்மையாரைப் பற்றிய அதிகாரபூர்வக் கட்டுரை உண்டு. அதை மேற்கோள் காட்டினால் போதும். மீராமுகைதீன் மலரைப் புரட்டினார். அம்மையார் காவேரிக்கரையில் தங்கி இசை பயின்றார் என்று அதில் கண்டிருந்தது.

"தம்பி, அவ வாவியக் கடக்க ஓடத்திலயே ஏறாதவ. தண்ணி எண்டா அவவுக்குச் சரியான பயம். காவேரிக்கு எப்பிடிப் போன?"

"அடிக்குறிப்பைப் பாருங்கள். தலைவரின் நினைவுப் பேருரை சான்றாகக் காட்டப்பட்டுள்ளது."

பேருரையும் அச்சில் இருந்தது. அதன் அடிக்குறிப்பு ஆண்டு மலரைச் சான்றாகக் காட்டிற்று. மீராமுகைதீன் மலரிலிருந்து உரைக்கும், உரையிலிருந்து மலருக்குமாகக் கோயிலைச் சுற்றுகிறவரைப் போல வலம் வந்தார்.

"இது ரெண்டும் ஒண்டை ஒண்டு பிடிச்சிக்கிட்டெல்லவா நிக்குது?"

"ஆம்" என்று இன்பாஸின் முகம் மலர்ந்தது. "இரண்டு மூலங்கள், இரண்டும் எள்ளளவும் முரண்படவில்லை. ஆய்வுலகில் இத்தகைய பேறு அரிது."

அடுத்து, ஏழாம் அதிகாரத்தில் ஒரு வாக்கியத்தின் கீழ்ச் சிவப்புக் கோடு. ‘அவர் பாடக் கேட்டு அம்மன் உருகினாள்’ என்று ஆசிரியர் எழுதியிருந்தார். அது ஒரு சைவ அன்பர் சொன்ன சொல், அழகுக்காகச் சேர்த்தது. இன்பாஸ் கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"உருகியதாகக் கூறப்படுபவரின் எழுத்துமூல ஒப்புதல் தேவை."

"அம்மன்டயா?"

"அம்மனோ, அம்மன் சார்பாகக் கையொப்பமிட அதிகாரம் பெற்றவரோ."

அந்த அறையை விட்டு வெளியேறிய மீராமுகைதீனுக்கு, தாம் இதுநாள்வரை தமிழிலக்கணம் கற்பித்தது அத்தனையும் வீணோ என்று தோன்றிற்று. ஆயினும் வாக்கு வாக்குதான். அடுத்த அறை படவுரிமைப் பிரிவு. அங்கே அலுவலர் கஜேந்தினி, அழகரெத்தினத்தின் படத்தை உருப்பெருக்குக் கண்ணாடியின் கீழ் வைத்திருந்தார். நல்ல பிள்ளை, தண்ணீர் வேண்டுமா என்று கேட்ட ஒரே ஆள் அந்தக் கட்டடத்தில் அவர்தான். ஆனால் விதி விதியல்லவா?

"சேர், இந்தப் படத்தை எடுத்தவர் ஆரு?"

"ஸ்டூடியோ றஸாக் காக்கா. அவர் மௌத்தாகிப் போனார். அவருக்குப் புள்ளையும் இல்ல."

"அப்ப அதுக்கு விலக்கு இருக்கு. படத்தில தெரியிற ஆக்கள்ட ஒப்புதல்?"

"தெரியிறது பாடுறவ மட்டுந்தான். அவவும் இல்ல, பிள்ளை."

"இல்லாத ஆக்கள் ஒப்புதல் தராம விட்டா, தரல்ல எண்டுதான் கோப்பில போகும்" என்று கஜேந்தினி வருந்தினார். பிறகு கண்ணாடியைச் சற்றே நகர்த்தினார். "மறுகா, இந்த ஆடு. முகம் தெளிவாத் தெரியிது, சேர். அடையாளம் காணத்தக்க உயிர் எல்லாத்துக்கும் உடையவர்ட கையெழுத்து வேணுமெண்டு விதியில இரிக்கு."

"ஆடு செத்து எத்தினையோ காலம், பிள்ளை."

"உடையவர் இருப்பார்தானே?"

இவ்வாறாக, ஒரு தெய்வத்தின் உருக்கத்துக்கும் ஓர் ஆட்டின் முகத்துக்கும் ஒப்புதல் தேடி மீராமுகைதீன் பாண்டிருப்புக்கு நடந்தார். கோயில் வண்ணக்கர் குணம் வாசலில் நின்று, திருவிழாவுக்குப் பந்தல்கால் நடுவிப்பதை மேற்பார்வை செய்துகொண்டிருந்தார். வண்ணக்கர் என்றால் கோயிலின் நிருவாகப் பொறுப்பு முழுவதையும் தோளில் சுமப்பவர். அம்மனுக்கு ஒரு கையொப்பம் தேவையானால் அதையும் அவரே சுமக்க வேண்டும். படத்தைக் கண்டதும் அவர் சிரித்தார்.

"மாஸ்டர், இது நேர்ந்துவிட்ட ஆடு. ஊருக்குள்ள ஒருத்தர்ட வேலி மிச்சம் வைக்கல்ல. அடிக்கவும் ஏலா, பிடிக்கவும் ஏலா. அம்மன்ட ஆடெல்லவா!"

"அப்ப உடையவ அம்மன்தானா, வண்ணக்கர்?"

"ஓம். அம்மனுக்காக நான் வைக்கிறன் கையெழுத்து. ஆட்டுக்குப் பிரச்சினை இல்ல. இந்த உருகின விசயந்தான் கொஞ்சம் சிக்கல். உருகினவ எண்டு எழுதினா, எங்கட பாட்டுக்கு ஏன் உருகல்ல எண்டு இப்ப பாடுற பொடியன்மார் சண்டைக்கு வருவாங்க. உருகல்ல எண்டு எழுதினா, அம்மனே என்னைச் சும்மா விடா."

அவர் பந்தல்காலைப் பிடித்தபடி நெடுநேரம் யோசித்தார். பிறகு கடிதத்தாள் எடுத்து இவ்வாறு எழுதினார்: ‘அம்மன் உருகியதைக் கோயில் நிருவாகம் மறுக்கவில்லை. உறுதிப்படுத்தவும் இல்லை. ஆடு அம்மனுடையதே, அதன் முகத்தை எவ்விடத்தும் எக்காலத்தும் வெளியிடப் பூரண சம்மதம்.’

அக்கடிதத்தைக் கண்ட இன்பாஸ் எழுந்து நின்று வாசித்தார். பேரவைக்கு வந்த ஆவணங்களிலேயே நடுநிலையில் சிறந்தது அதுதான் என்றார். அதைப் பிரதி செய்து சட்டகமிட்டுச் சுவரில் மாட்டவும் பணித்தார். ஆட்டின் கோப்பில் கஜேந்தினி பச்சை முத்திரை பதித்தார். மீராமுகைதீனுக்கு நம்பிக்கை துளிர்த்தது. அத்துளிரை மேய்வதற்குத் தலைவர் காத்திருந்தார்.

பேரவைத் தலைவர் தவநேசன் உருவத்தில் பெரியவர். பட்டங்களில் அதனினும் பெரியவர். அவர் பேசத் தொடங்குமுன் கண்ணை மூடுவார். திறக்கும்போது எதிரே இருப்பவர் சற்றுச் சிறுத்திருப்பார்.

"இப்படம் ஏற்புடையதன்று" என்றார்.

"என்ன குறை, சேர்?"

"வாய் திறந்திருக்கின்றது."

"பாடுறா, சேர்."

"மரபிசைச் செல்வியர் படங்களில் வாய் திறப்பதில்லை. மேலும், இம்முகத்தில் இசை இல்லை, முயற்சிதான் இருக்கின்றது. அனைத்திலும் மேலாக, இது பேரவை அங்கீகரித்த திருவுருவத்தோடு பொருந்தவில்லை. திருவுருவம் சரி, ஆகவே இப்படம் பிழை. மகனார் அழகரெத்தினம் தம் தாயைத் தவறாக நினைவு வைத்திருக்கின்றார். பாவம், முதுமை."

தலைவர் அருள்கூர்ந்து தொடர்ந்தார்.

"திருவுருவத்தைக் கண்டெடுத்தவன் அடியேன். அம்மையாரைப் படம் பிடித்தவர் றஸாக் என்பது ஊரறிந்தது. அவருடைய கடை மூடப்பட்டபோது விரைந்து சென்றேன். முகப்புக் கண்ணாடிப் பேழையில் எத்தனையோ படங்கள். நட்டநடுவே ஒரே ஒரு பெருமாட்டி. தலையில் முந்தானை, கண்ணில் தவம். நடுவில் மாட்டியிருப்பவர் பாடகியாக அன்றி வேறு யாராக இருத்தல் கூடும்? பார்த்த கணமே அக்குரல் என் செவியில் ஒலித்தது. இளமையில் முன்வரிசையில் அமர்ந்து கேட்ட குரலல்லவா? இவ்வறையில் அதை நேரில் கேட்டவன் நான் ஒருவனே."

"நானும் கேட்டிருக்கன், சேர்."

"வேலிக்கு வெளியே நின்று கேட்டதாக உங்கள் முன்னுரையில் கண்டேன். அது செவிவழிச் செய்தி."

இவ்வளவும் சொல்லி, ஓர் உறையை நீட்டினார். உள்ளே அங்கீகரிக்கப்பட்ட திருவுருவத்தின் பிரதி. அதை நூலின் முகப்பில் இட்டால் முத்திரை உடனே கிடைக்கும், இல்லையேல் இல்லை.

நினைவு விழாக்களில் அத்திருவுருவத்தை மீராமுகைதீன் பலமுறை கண்டதுண்டு. ஆனால் கண்டதெல்லாம் மாலைகளையே. உறுப்பினர் ஒவ்வொருவரும் முந்தியவரின் மாலையை விடப் பெரிய மாலை சூட்டுவது பேரவை வழக்கமாதலின், சபையோருக்குச் சட்டகத்தின் மேல் விளிம்பும் அதில் எரியும் மின்விளக்கும் மட்டுமே தெரியும். மாலையில்லாத முகத்தை அவர் பார்ப்பது இதுவே முதல் முறை.

பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் பார்த்தார்.

அது றபீக்கா சாச்சி. அவருடைய வாப்பாவின் தம்பி மனைவி. அன்று காலையில்தான் அவர் கையால் பிட்டும் வாழைப்பழமும் தின்றுவிட்டுப் புறப்பட்டிருந்தார். ‘பேரவைக்கா போறாய்? வரக்குள்ள எனக்குத் தும்மல் குளிசை வாங்கிட்டு வா’ என்று வாசல்வரை வந்து சொல்லி அனுப்பிய அதே முகம், நெற்றிக்கு மேல் முக்காடும் கண்ணில் தவமுமாக, இளமை பொங்க அவரைப் பார்த்தது.

மருதமுனையில் சாச்சி முற்றத்துக் கோழிகளை அதட்டிக்கொண்டிருந்தார். படத்தை வாங்கி, எட்டப் பிடித்து, கிட்டப் பிடித்து, உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தார்.

"அல்லாவே! இது நானெல்லவா? இத எங்கயிருந்து மனே எடுத்த?"

"நீங்கதான் எண்டு சரியாத் தெரியுமா, சாச்சி?"

"எண்ட மூஞ்சி எனக்குத் தெரியாதா? கைத்தறிப் பொருட்காட்சிக்குச் சாச்சா தறியில நெய்ஞ்ச சாறிடா இது. உடுத்துக் காட்ட ஆளில்லாம, ‘நீ ஒருக்கா உடு புள்ள’ எண்டு கெஞ்சிக் கூட்டிட்டுப் போனார். றஸாக் காக்கா ‘சிரிக்காத, சிரிக்காத’ எண்டு சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு முட்டிட்டு வருது. பல்லைக் கடிச்சிக்கிட்டு நிண்ட. படம் நல்லா வந்திட்டெண்டு, கடைக் கண்ணாடிக்குள்ள நடுவில மாட்டிட்டார். சாச்சா சண்டைக்குப் போனவர்."

தலைவர் கண்ட தவம் எதுவென்று ஆசிரியருக்கு விளங்கிற்று. இனி மறைத்துப் பயனில்லை என்று நடந்ததையெல்லாம் சொன்னார்.

"மௌத்தாப் போன பாட்டுக்கார மனிசி எண்டா நினைச்சானுகள்?"

"ஓம் சாச்சி. மாலை போட்டு, விளக்கு வச்சி, சாம்பிராணியும் காட்டுறானுகள்."

சாச்சியின் சிரிப்பு நின்றது. "சாம்பிராணியா?"

"ஓம்."

"எப்ப?"

"மழைக்காலம் முடிஞ்ச கையோட. நினைவு விழா அப்பதானே."

"அதான் பாரு!" என்று சாச்சி தொடையில் தட்டினார். "மழை விட்டாக் காணும், எனக்குத் தும்மல் நிக்கிற இல்ல. ஊரில இரிக்கிற டொக்டரெல்லாம் பாத்திட்டானுகள். இவனுகள்தான் எனக்குப் புகை பிடிச்சிக்கிட்டு இரிந்திருக்கானுகள்! மௌத்தாக்கினதுதான் ஆக்கினானுகள், ஒரு யாசீனாவது ஓதியிருக்கலாமே? நானும் வாறன், மனே. ஓட்டோவுக்குச் சொல்லு."

அவ்வாறே அடுத்த கிழமை பேரவையின் விசேட அமர்வுக்கு மூவர் வந்திறங்கினர்: மீராமுகைதீன், றபீக்கா சாச்சி, தாயின் படத்தை மார்போடு அணைத்தபடி அழகரெத்தினம். தலைவர் நடுவில், இன்பாஸ் வலப்புறம், கஜேந்தினி கோப்போடு இடப்புறம். சுவரில் வண்ணக்கரின் கடிதமும், அதனருகே மாலை காய்ந்த திருவுருவமும் தொங்கின. சாச்சி நேரே திருவுருவத்திடம் போய், மாலையை ஒரு விரலால் ஒதுக்கி, தம் இளமையை ஒரு கணம் பார்த்தார்.

"நல்லாத்தான் இரிந்திருக்கன்" என்றார்.

"அம்மா, இப்படத்தில் உள்ளவர் தாங்களே என்பதற்குச் சான்று?" என்று இன்பாஸ் தொடங்கினார்.

"எண்ட மூஞ்சிதான் சான்று."

"முகம் முதுமை அடைந்துள்ளது."

"உங்கட தலைவர்ட மூஞ்சிக்குந்தான் வயசு போயிரிக்கு. அவர்தானா எண்டு நான் கேட்டனா?"

"இப்படம் முப்பத்தைந்தாம் ஆண்டில் எடுக்கப்பட்டதாக மலர் கூறுகின்றது."

"முப்பத்தஞ்சாம் ஆண்டு எண்ட உம்மாவே சின்னப் புள்ள."

"பேரவைக் கோப்பின்படி படத்திலுள்ளவர் காலமாகிவிட்டார். தாங்கள் அவரே என்றால், தாங்கள் காலமாகவில்லை என்பதை எழுத்துமூலம் நிறுவுதல் வேண்டும்."

"நான் ஹயாத்தோட இரிக்கன் எண்டு ஆருக்கிட்டடா எழுதி வாங்குற?" என்று சாச்சி ஆசிரியரைத் திரும்பிப் பார்த்தார். "இவன் என்ன மனே, உசிரெடுக்க வாற மலக்குல் மௌத்துக்கு மேலால உத்தியோகம் பாக்கிறான்?"

கஜேந்தினி கோப்பை உயர்த்தி அதனுள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

தலைவர் கண்ணை மூடினார், திறந்தார். இம்முறை எவரும் சிறுத்திருக்கவில்லை. "முகம் மயக்கும், ஆவணம் மறையும், குரல் ஒன்றே நிலைக்கும்" என்று பேருரைக் குரலில் தொடங்கினார். "பாக்கியநாச்சியாரின் குரல் என் உயிரில் கலந்தது. இவ்வம்மையார் பாடட்டும். அக்குரல் இல்லையெனில் படம் இவருடையது என்று ஏற்போம். அக்குரலாயின், இவர் எவராயினும் படம் பாக்கியநாச்சியாரே."

இத்தீர்ப்பின் உட்பொருளை மீராமுகைதீன் அவிழ்த்துப் பார்க்குமுன், சாச்சி முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். அவர் கண்ணில் படத்தில் இருந்த அதே தவம் தோன்றிற்று. பல்லைக் கடித்தார், பிறகு வாயைத் திறந்து, அடித்தொண்டையிலிருந்து எழுப்பி, உச்சிக்கு ஏற்றி, அங்கிருந்து நடுங்க நடுங்க இறக்கினார்.

"பா... ஆ... பா... பபபபா... ஆஆ... பா!"

தலைவரின் இமைகள் மூடின. கை தானாகவே தாளமிட்டது. கன்னத்தில் நீர் வழிந்தது.

"அதே குழைவு!" என்று விம்மினார். "காவேரிக்கரையில் பெற்ற அதே அசைவு! ஐயமில்லை, முன்வரிசையில் நான் கேட்ட அதே குரல்! இன்பாஸ், எழுதிக்கொள்ளுங்கள்."

"எழுதக்குள்ள இதையும் சேத்து எழுது, தம்பி" என்றார் சாச்சி. "இது நான் மஃரிபுக்கு முந்திக் கோழியக் கூட்டில அடைக்கக் கூப்புடுற சத்தம்."

அழகரெத்தினம் தோளில் கிடந்த சால்வையை வாயில் திணித்துக்கொண்டார். அப்படியும் ஓர் ஒலி தப்பி வெளியேறிவிட்டது. இன்பாஸின் பேனா தாளின் மேலே அந்தரத்தில் நின்றது. கோழிகளையும் சான்றாக அழைப்பதா என்று அவர் விதிகளை மனத்துக்குள் புரட்டிக்கொண்டிருக்கலாம்.

தலைவர் கண்ணீரைத் துடைக்கவில்லை. துடைத்தால் அது கண்ணீர் என்று ஒப்புக்கொண்டதாகும். நிமிர்ந்து அமர்ந்தார்.

"பேரவை பிழை செய்வதில்லை" என்றார். "சில வேளைகளில் உண்மை உரிய காலத்தில் விண்ணப்பிப்பதில்லை."

"அதெல்லாம் இரிக்கட்டும்" என்று சாச்சி குறுக்கிட்டார். "எண்ட மூஞ்சிய இந்தப் புத்தகத்தில போட நான் சம்மதிக்கல்ல. உசிரோட இரிக்கிற ஆள்ட ஒப்புதல் வேணுமெண்டு உங்கட விதியில இரிக்குதா, இல்லையா புள்ள?"

"இரிக்கு, உம்மா" என்றார் கஜேந்தினி, கோப்பிலிருந்து முகத்தை எடுத்து.

"அப்ப அவர்ட தாய்ட படத்தைப் போடச் சொல்லு."

அங்கேதான் விதி மீண்டும் தலைதூக்கிற்று. அழகரெத்தினத்தின் படத்துக்குப் பாடகியின் ஒப்புதல் இல்லை. மகன் தரலாமே என்றால், அவர் மகன் என்பது படத்திலுள்ளவர் பாக்கியநாச்சியார் என்று நிறுவினாலன்றி நிலைக்காது. படத்திலுள்ளவர் பாக்கியநாச்சியார் என்பதைச் சொல்லவோ மகனைத் தவிர நடுநிலையாளர் எவருமில்லை. இன்பாஸ் இதை எடுத்துரைத்தபோது அழகரெத்தினத்தின் முகத்திலிருந்த சிரிப்பு வற்றியது. படத்தை மார்போடு இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"அப்ப என்ட அம்மா எங்கயுமே வரமாட்டாவா?" என்று கேட்டார்.

கஜேந்தினி கோப்பின் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஓரிடத்தில் நின்றார்.

"தலைவர் சேர், இந்தப் படத்தில எல்லா ஒப்புதலும் முழுசாக் கிடைச்ச ஒரு ஆள் இரிக்கு."

"யார்?"

"ஆடு."

தலைவர் நிமிர்ந்தார்.

"உடையவர்ட கையெழுத்து இரிக்கு. எவ்விடத்தும் எக்காலத்தும் எண்டு எழுதியிரிக்கு. பச்சை முத்திரையும் குத்தியாச்சி. ஆட்டிட படம் எண்டு பதிஞ்சா இண்டைக்கே அனுமதி குடுக்கலாம். பின்னணியில தற்செயலாத் தெரியிறதுக்கு ஒப்புதல் தேவையில்ல எண்டு விலக்கு இரிக்கு." அவருடைய உதட்டோரம் ஒருமுறை துடித்து அடங்கியது. "படவிளக்கத்தை மட்டும் அப்பிடிப் போடோணும்."

இன்பாஸ் விதியைச் சரிபார்த்தார், சரியாக இருந்தது. தலைவர் பேரவையின் மாட்சிமை காப்பாற்றப்பட்ட நிறைவோடு ஒப்பமிட்டார். அமர்வு இனிதே நிறைவுற்றது. வெளியே வந்ததும் சாச்சி, தும்மல் குளிசை வாங்க மறந்ததற்காக ஆசிரியரை ஒரு பாட்டம் ஏசினார்.

நூல் வெளிவந்தது. முகப்பில் பாக்கியநாச்சியார் வாய் திறந்து, கை நீட்டி, தாள் அதிரப் பாடுகிறார். அதன் கீழே பேரவையின் ஆணைப்படி இவ்வாறு அச்சாகியிருந்தது: ‘கோயில் ஆடு, மாவிலை மேய்கையில். பின்னணியில் ஒரு பெண்மணி.’

மீராமுகைதீன் முதற்பிரதியோடு தம்பிலுவிலுக்குப் போனார். வாக்கைக் காப்பாற்றினோமா, மீறினோமா என்று வழிநெடுகிலும் அவருக்கு ஐயம். அழகரெத்தினம் முகப்பை நெடுநேரம் பார்த்தார். தாயின் கன்னத்தில் விரலை வைத்தார். பிறகு கீழே எழுதியிருந்ததை எழுத்தெழுத்தாக வாசித்தார்.

"சரிதான், மாஸ்டர்" என்றார் அழகரெத்தினம். "அம்மாவே சொன்ன கதை இது. பாட்டு நடுவில இருக்கக்குள்ள இந்த ஆடு வந்து தோரணத்தை இழுக்குது. பார்த்தாச் சிரிச்சிருவன் எண்டு கண்ணை இறுக்கி மூடிட்டாவாம். அண்டையில இருந்துதான், கண்ணை மூடி உருகிப் பாடுறவ எண்டு அம்மாவுக்குப் பேர் வந்த. அந்த ஆடு இல்லாட்டி இந்த முகம் இல்ல."

இச்செய்தியை அடுத்த பதிப்பில் சேர்க்க ஆசிரியருக்கு ஆவல். ஆனால் சொன்னவர் மகன்; சார்புடையவர். கேளாதவர் எவரேனும் சொன்னால் சேர்த்துக்கொள்வார்.

பண்டைப் பெரியோர் நூலின் இறுதியில் அதைக் கற்பார் பெறும் பயனை உரைப்பர். அவ்வழியே நாமும் உரைத்து அமைகின்றோம். இவ்வரலாற்றை உளமுவந்து ஓதுவோர் மாலையை விலக்கி உள்ளிருக்கும் முகத்தை ஒருமுறையேனும் பார்க்கும் பேறு பெறுவர். அன்னோர் வேலியை அம்மன் ஆடு தீண்டாது. தும்மல் முதலிய நோய்களும் அவரை அணுகா.

கடைசியாகச் சொன்ன பயன் மட்டும் றபீக்கா சாச்சிக்குக் கிட்டவில்லை. திருவுருவத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டதாகப் பேரவை எழுத்துமூலம் அறிவித்திருந்தது. ஆயினும் இவ்வாண்டு மழை விட்டு, நினைவு விழா நடந்த அன்று காலை, மருதமுனையில் கோழிகளெல்லாம் வேலியோரம் ஒதுங்கும்படி சாச்சி தும்மினார்; மூக்கைத் துடைத்துக்கொண்டு, கல்முனைப் பக்கம் திரும்பி முறைத்தார்.

"மனே," என்றார், "ஓட்டோவுக்குச் சொல்லு."